டி.சி. குடுத்துட்டாங்க!

என் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அது தொழில் லட்சணம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று "ஐயம்பேட்டை, ஐயம்பேட்டை" என்று அவர் ஒரு குரல் விட்டால், ஐயம்பேட்டையிலேயே இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் அன்று மத்தியானம், ஆட்டோவை நிறுத்தியும் நிறுத்தாமலும் தலையை வெளியே நீட்டி, ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"எம் பொண்ணுக்கு டி.சி. குடுத்துட்டாங்கப்பா!"

நான் பின்சீட்டில் இருந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்த டி.சி. கல்லூரி அலுவலகத்தில் வாரக்கணக்காக நாயாய் அலைந்து வாங்கிய பண்டம். எனக்கும் பல்லெல்லாம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் வாய்க்குப் போகவில்லை. வெள்ளரிக்காய் விற்கிற அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை வயிற்றுப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"எல்லாருக்கும் டீ போடு! நான் குடுக்கறேன்!" என்றார் அப்பா.

அப்பாவுக்கு அடுத்த வண்டி காதர் பாயுடையது. இருவரும் பல வருஷமாக ஒரே வரிசையில் நின்று, ஒரே பயணிக்காகச் சண்டை போட்டு, ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள். அவர் மெல்ல வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

"தேவராசு, மனச வுட்றாத. அல்லா இருக்கறான். பையன் யாருன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"எந்தப் பையன்?"

"சரி, இப்ப வேணாம். அப்பால பேசிக்கலாம். நீ டீயக் குடி."

அப்பா டீயைக் குடித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த நொடியில் ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுதான் தோன்றியது.

வாங்குவது வேறு, குடுப்பது வேறு

போன வாரம் என் பள்ளிக்கூட நாட்களை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "காஞ்சிபுரத்தில் பிறந்த பெண் ஒரு பட்டுப்புடவையைப் பற்றிக்கூட எழுதவில்லையே" என்று வருத்தப்பட்டிருந்தார். அம்மா, எங்கள் வீட்டில் பட்டு இருந்தால் எழுதமாட்டேனா? நாங்கள் செவிலிமேடு. பாட்டன் காலத்தில் பாலாற்று ஓரம் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை பார்த்த குடும்பம். அப்பா ஆட்டோ, அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைப்பவள். பட்டு எங்கள் வீட்டுக்கு வரும். ஃபால்ஸ் அடித்து முடித்ததும் கிளம்பிப் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். டி.சி. என்றால் மாற்றுச் சான்றிதழ். ஓர் இடத்தில் படிப்பதை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது. இது சர்க்கார் சொல்லும் அர்த்தம். எங்கள் ஊரில் அதன் அர்த்தம் பின்னால் வரும் வினைச்சொல்லில் இருக்கிறது.

"டி.சி. வாங்கினா" என்றால் பெண் எங்கேயோ நல்ல இடத்துக்குப் போகிறாள், கௌரவம். "டி.சி. குடுத்துட்டாங்க" என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். என் வகுப்பில் ஒருவன் ஹெட்மாஸ்டருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு சர்வதீர்த்தக் குளம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வந்தான். அவனுக்குக் குடுத்தார்கள். அவன் அப்பா அழுத அழுகையைத் தெருவே நின்று பார்த்தது.

பையனுக்குக் குடுத்தால் "இன்னா பண்ணான்?" என்று கேட்பார்கள். பெண்ணுக்குக் குடுத்தால் அந்தக் கேள்வியே வராது. பதிலை ஊரே எழுதி வைத்திருக்கும், பையன் பேர் போடுகிற இடம் மட்டும் காலியாக இருக்கும்.

அப்பாவைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. இன்று, நாளை என்று அலுவலகத்தில் எங்களை இழுத்தடித்தார்கள். கடைசியில் கொடுத்தார்கள். அதனால் "குடுத்துட்டாங்க" என்றார். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை.

கட் அடித்த இடத்தில் பாடம்

நான் ஏன் நடுவில் கல்லூரி மாற வேண்டும்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஊரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரலாற்று சார் ஒரு பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். "காஞ்சி கோயில்கள் நிறைந்த நகரம். கமா. பல்லவர்களின் தலைநகரம். முற்றுப்புள்ளி." ஜன்னலுக்கு வெளியே ஒரு கோபுரமே தெரியும். ஒரு நாள்கூட அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது கிடையாது. நாங்கள் பார்த்தால் திட்டுவார்.

அப்படி ஒரு நாள் கமாவும் முற்றுப்புள்ளியும் தாங்காமல் நானும் ஒரு சிநேகிதியும் கட் அடித்துவிட்டுக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். பக்தி எல்லாம் இல்லை. நான் சர்ச்சுக்குப் போகிற பெண். அங்கே புல்தரை இருக்கிறது, நிழல் இருக்கிறது, எங்கள் தெருக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். ஒளிந்துகொள்ள எங்கள் ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை.

அன்று அங்கே சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோயிலின் அடிப்பகுதியில் தரையோடு தரையாகப் படுத்துக் கல்வெட்டு படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓர் எழுத்தை "க" என்கிறாள், இன்னொருத்தி "இல்லடி, த" என்கிறாள். அடிதடி நடக்காத குறை. அவர்களோடு வந்த மேடம் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். நானும் படுத்துவிட்டேன். கல் சில்லென்று இருந்தது, வாயெல்லாம் மண். எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஆனால் இதுதான், இதுதான் எனக்கு வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. எழுந்திருக்கவே மனசில்லை.

நான் கட் அடித்துவிட்டுப் போன இடத்தில் அவர்களுக்குப் பாடம். அந்த அநியாயத்தை என்னால் தாங்க முடியவில்லை. வேர்க்கடலை மேடத்திடமே போய், "உங்க காலேஜ்ல சேர்றதுக்கு இன்னா பண்ணணும் மேடம்?" என்று கேட்டேன். ரெண்டாம் வருஷத்தில் யாராவது விட்டுப் போனால் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். யாரோ ஒரு புண்ணியவதிக்கு நர்ஸிங் சீட்டு கிடைத்துப் போய்விட்டாள். அவள் இருக்கிற திசைக்கு நான் இன்றும் ஒரு கும்பிடு போடுவேன்.

இடம் கிடைத்தது. வீட்டில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தினம் விடியலில் ரயில் ஏறி ராத்திரி வந்து இறங்குகிற வேலை ஆகாது. ஹாஸ்டல் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் தையல் மெஷின். ஹாஸ்டலும் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டது. சென்னையிலேயே இருக்கிற ஒரு சொந்தக்காரர் கார்டியனாக நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவர்கள் குறித்துக்கொடுத்த ஒரு வெள்ளிக்கிழமைக்குள்.

சென்னையில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். பெரம்பூரில் அப்பாவின் அக்கா, ரூத் அத்தை. சரி என்று அவளும் சொல்லியிருந்தாள்.

லேபில் எதனா ஒடச்சியா?

கார்டியன் கையெழுத்துக்கு முன்னால் டி.சி. வேண்டும். டி.சி.க்கு முன்னால் கல்லூரியில் ஒவ்வொரு துறையும் "இந்தப் பெண் எங்களுக்கு ஒன்றும் பாக்கியில்லை" என்று எழுதித் தர வேண்டும்.

லைப்ரரி நியாயம். விளையாட்டுத் துறைக்கு நான் ஒரு பந்தைக்கூடத் தொட்டது கிடையாது, அதையும் விடுங்கள். கெமிஸ்ட்ரி லேப் எதற்கு?

லேப் அண்ணன் என்னைக் கண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "லேப்ல எதனா ஒடச்சியா?"

"நான் ஹிஸ்டரிண்ணா."

"அது கெடக்குதுமா. ஒடச்சியா, இல்லயா?"

"இந்த ரூமுக்குள்ளயே இன்னிக்கிதான் வர்றேன்."

"அப்ப ஒடைக்கல," என்று ரொம்ப யோசித்துக் கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தில் ஹெட் கிளார்க். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வீட்டில் தறி உண்டு, எதைச் சொன்னாலும் தறியில் ஏற்றித்தான் சொல்வார். "ஏம்மா, பாதிப் பாவுல யாராவது தறிய மாத்துவாங்களா? ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு நெய்ஞ்சி முடிச்சிட்டுப் போவேன்," என்றார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நின்றேன். பிரின்சிபால் லீவு, பிரிண்டரில் மை இல்லை, மை வந்தது, பிரின்சிபால் மறுபடி லீவு. இப்படியே போனது.

ஒரு நாள் அப்பா ஆட்டோவை அலுவலக ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, "சார், எம் பொண்ணு டி.சி. இன்னா ஆச்சி?" என்று தன் இயற்கையான குரலில் கேட்டார். மூன்று வகுப்புகள் நின்றன. மறுநாளே டி.சி. தயார்.

நடத்தை என்ற இடத்தில் "குட்" என்று இருந்தது. விலகும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் வேண்டுகோள்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. "எல்லாருக்கும் இதான்மா போடறது," என்றார் ஹெட் கிளார்க். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

ஜெபக் குறிப்பு

அங்கிருந்து நேராக ஸ்டாண்டுக்கு வந்துதான் அப்பா கத்தியது.

எங்கள் ஊரில் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள். ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற திசைக்கெல்லாம் அது ஏறிப் போனது. நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் பிளவுஸ் வாங்க வந்த ஒரு பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ண ஒண்ணியும் திட்டாதமா, அது எதனா பண்ணிக்கப் போவுது," என்று கண் கலங்கிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா வாசலிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், இன்னாய்யா சொன்ன ஸ்டாண்டுல?"

"டி.சி. குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். குடுத்தாங்க இல்ல?"

"வாங்கினான்னு சொல்லுய்யா! எங்க, சொல்லு. எம் பொண்ணு டி.சி. வாங்கினா."

"எம் பொண்ணு டி.சி. வாங்கினா."

"இன்னொருவாட்டி."

அப்பா மூன்று வாட்டி சொன்னார். என்ன பிரயோஜனம்? சாயங்காலத்துக்குள் பெரிய அண்ணன் முறை ஒருவர் வந்து, தன் மச்சினனுக்குப் பெண் பார்ப்பதாகவும், "நடந்தது நடந்து போச்சி, அவன் ஒண்ணியும் கேக்க மாட்டான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மச்சினனுக்கு வயசு என்ன என்று அம்மா கேட்டாள். அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்கும் மேல் ஒன்று நடந்தது. எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு ஜெப வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஊரை விட்டுப் போனவர்களும் அதில் இருப்பார்கள். அன்று மாலை அதில் ஒரு ஜெபக் குறிப்பு வந்தது: "கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட சகோதரர் தேவராஜ் அவர்களின் மகளுடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிப்போம்." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஒரு தோழி அழுகிற முகமும் போட்டிருந்தாள். அவளோடுதான் நான் கட் அடித்துவிட்டுப் போனேன்.

அந்தக் குரூப்பில் ரூத் அத்தையும் இருந்தாள்.

அத்தை ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். அப்பாவுக்கு அக்கா என்று அதிலேயே தெரிந்துவிடும். போனை ஸ்பீக்கரில் போடவே தேவையில்லை.

"ஏன்டா, குரூப்புல இன்னாடா போட்டுக்கினு இருக்கறாளுங்க?"

"அக்கா, அது ஒண்ணியும் இல்லக்கா, வாங்கினா... வாங்கினத நான் குடுத்தாங்கன்னு..."

"இன்னாடா ஒளர்ற? கேளு. நான் கையெழுத்து போட மாட்டேன். நாளைக்கு அங்க போயி இது எதனா ஒண்ணு பண்ணிக்கினா, கார்டியன் எங்கன்னு என்னத்தான் கூப்புடுவாங்க. எனக்கு வேணாம்பா இந்தப் பேஜாரு."

போனை வைத்துவிட்டாள். ஹாஸ்டல் குறித்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. கையெழுத்து இல்லை என்றால் ஹாஸ்டல் இல்லை, ஹாஸ்டல் இல்லை என்றால் பல்கலைக்கழகம் இல்லை. பழைய கல்லூரிக்கும் திரும்ப முடியாது, அவர்கள்தான் குடுத்துவிட்டார்களே.

நான் அழுதேன். சோகத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு பையனைக் காதலித்து, அவனோடு சினிமாவுக்குப் போய், மாட்டிக்கொண்டு இந்தப் பேர் வாங்கியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் காதலித்தது அந்தக் கல்லை. அதைப் போய் யாரிடம் சொல்வது?

பையன் யாரு?

மறுநாள் காலையில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காதர் பாயுடையது. ரூத் அத்தை இறங்கினாள்.

"நீ வரேன்னு சொல்லவே இல்லயேக்கா," என்றார் அப்பா.

"சொல்லிட்டு வந்தா எல்லாத்தையும் மூடி மறைச்சி வெச்சிருப்பீங்க." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கூடத்தின் நடுவில் குந்தினாள். "எங்க அந்த டி.சி.? எட்தா."

எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள்.

"கான்டக்ட், குட். ஏன், வெரி குட்டுன்னு போட அவுங்களுக்கு மை இல்லயா?"

"எல்லாருக்கும் குட்தான் அத்த போடுவாங்க."

"ரீசன் இன்னாது... பேரன்ட்ஸ் ரிக்வெஸ்ட்." அத்தை என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "எங்க கம்பெனில ஆளத் தூக்கினாக்கூட 'ஓன் ரிக்வெஸ்ட்'டுன்னுதான் லெட்டர் அடிப்போம். என் கிட்டயே டபாய்க்கறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரத்திவிட்டாலும் இதே வார்த்தை, நாமாகப் போனாலும் இதே வார்த்தை. நான் அலையாய் அலைந்து வாங்கிய அந்தச் சான்றிதழில் என் பக்கம் பேச ஓர் எழுத்தும் இல்லை.

"பையன் யாரு?" என்றாள் அத்தை.

"பையனே இல்ல அத்த."

"பையன் இல்லாம ஊரு பேசுமா?"

"இது நல்லாக்குதே! ஊரு பேசினதுக்கு நான் எங்கேருந்து பையன் கொண்டார்றது? வேணும்னா நீயே ஒருத்தனப் பாத்துக் குடு, இவன்தான்னு சொல்லிட்றேன்!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை. அத்தை வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அக்கா, நீ இப்டிக் கேக்கலாமாக்கா? உன்னியும் இந்த மாதிரிதான ஒண்ணுமில்லாததுக்கு ஸ்கூல வுட்டு நிறுத்தினாங்க. ஊரு பேசறத வெச்சிக்கினு நீயே..."

"ஊரு பேசலடா," என்றாள் அத்தை. "நீ பேசின."

கூடத்தில் அம்மாவின் மெஷின் மேல் யாருடைய பிளவுஸோ பாதியில் கிடந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொன்னாளா, அப்பாவிடமா, தெரியவில்லை.

"நான் ஒம்பதாவது. இவன் மூணாவதோ நாலாவதோ. சைக்கிள் கடையில ஒரு அண்ணன் இருந்தாரு, ப்ளஸ் டூ படிச்சிக்கினே கடையையும் பாப்பாரு. இங்கிலீஷ் கிராமர் கேப்பேன், சொல்லிக் குடுப்பாரு. அவ்ளோதான். இது பாத்துக்கினு இருந்துட்டு, வூட்டுல எல்லாரும் சோறு துன்னும்போது இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'நைனா, அக்கா சைக்கிள் கட அண்ணங்கிட்ட இங்கிலீஷ்லயே பேசுது!' இந்தக் கொரல்லதான். பக்கத்து வூட்டுக்கும் கேட்டுச்சி."

"அக்கா..."

"அடுத்த நாளு பையத் தூக்கினேன். எங்க போறன்னாரு நைனா. ஸ்கூலுக்குன்னேன். போதும்னாரு."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மெதுவாகப் பேசி என் வாழ்நாளில் நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"எனக்குத் தெரியாதுக்கா. பெருமையாத்தான் சொன்னேன்."

"தெரியும்டா. நீ பெருமைப்பட்டாலே எவளுக்கோ படிப்பு போச்சி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமில்லை என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதைப் பார்த்து அத்தைக்கும் வந்தது. அப்பா மட்டும் அழுதுகொண்டிருந்தார். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது.

அத்தை மறுபடி டி.சி.யைக் கையில் எடுத்தாள். இந்த முறை படிக்கவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இப்டித்தான் இருக்குமா?"

"நீ பாத்ததே இல்லயா அத்த?"

"எங்க பாக்கறது? வூட்டுல நிறுத்தறவங்க போயி டி.சி.யா வாங்குவாங்க? எம் பசங்களுதெல்லாம் அவுங்கப்பாதான் போயி வாங்கியாந்தாரு." உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள். "மூஞ்சியக் கழுவிக்கினு வா. ஹாஸ்டல்காரி எத்தினி மணி வரைக்கும் இருப்பா?"

கார்டியன்

அப்பாதான் ரயில் நிலையத்துக்கு ஓட்டினார். வழியில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டியிருந்தது. காதர் பாய் நடு ரோட்டில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா தேவராசு, கெளம்பிட்டீங்க? பொண்ண எங்கியாவது வெளியூரு அனுப்பறியா? அதுவும் நல்லதுதான்."

அப்பா வாயைத் திறந்தார். அத்தை அவர் தோளில் ஓர் அடி போட்டு அடக்கிவிட்டு, தானே தலையை வெளியே நீட்டினாள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற அந்தக் குரலில், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"யாரும் குடுக்கல பாய்! எங்க பொண்ணு வாங்கினா! யுனிவர்சிட்டில சீட்டு கெடச்சி, கேட்டு வாங்கினா!"

"மெய்யாலுமா?" காதர் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, அந்தப் பையனப் புடிக்கறதுக்கு காலேஜ் கேட்டாண்ட ரெண்டு ஆளுங்கள நிக்க வெச்சிருக்கறனே!" என்று போனைத் தேடிக்கொண்டே ஓடினார். வெள்ளரிக்காய் அம்மா எழுந்து வந்து, கேட்காமலேயே என் கையில் இரண்டு கீற்று வைத்தார். உப்பு மிளகாய்த்தூள் நிறையவே போட்டிருந்தார்.

ஹாஸ்டல் அலுவலகத்தில் ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. வார்டன் மேடம் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். மாணவிக்கு என்ன உறவு, அத்தை. வீடு எங்கே, பெரம்பூர். வேலை என்ன, சூப்பர்வைசர். அத்தை ஒவ்வொன்றுக்கும் ஸ்கூல் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். நான் பயந்துகொண்டே இருந்தேன். ஏன் கல்லூரி மாறுகிறாள் என்று கேட்டுவிடுவாரோ, டி.சி.யைப் பார்த்துவிட்டு அந்தக் "குட்" எதற்கு என்பாரோ என்று. அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பில் போட்டுக் கட்டிவிட்டார்.

"கார்டியன் கையெழுத்து இங்க போடுங்க," என்றார்.

அத்தை போட்டாள். ஆங்கிலத்தில், முழுப் பேரையும், நிறுத்தி நிறுத்தி.

"கடைசியா ஒண்ணு. நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"ஒம்பதாவது."

"ஒன்பதாவது வரைக்கும்..." என்று சொல்லிக்கொண்டே வார்டன் எழுத ஆரம்பித்தார்.

அத்தை எட்டி அந்தப் பேனாவின் மேல் கையை வைத்தாள்.

"வரைக்கும்னு போடாதீங்க மேடம். நான் இன்னும் டி.சி. வாங்கல."